புதிய சமையலறைகளில் புகையும் தண்ணீரும் போக வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், புதிதாக வீடு கட்டுவோருக்கும் பழைய வீட்டைப் புதுப்பிப்போருக்கும் பயன்படும் வகையில் இக்காலச் சமையலறை அமைப்புகளைப் பற்றி வெளிவந்த பக்கத்தை இருமுறை படித்தேன். பெண்கள் மேல்நிலைப் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகள் மனையியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுச் சமையலறையையும் இடித்துப் புதிதாக அமைத்தேன். அதன் பின்னர் அக்கம்பக்கத்தாரும் பழைய மாணவிகளும் யோசனை கேட்டு அழைத்ததால், கோவையிலும் சுற்றுப்புறத்திலும் பத்துப் பன்னிரண்டு புதுச் சமையலறைகளை நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தாங்கள் வெளியிட்ட படங்களில் கைப்பிடி இல்லாத கதவுகளும், பால்வெள்ளைக் கல் பதித்த மேடையும், நடுவில் தீவுபோல் நிற்கும் மேசையும், கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே சுவரே இல்லாத திறப்பும் இருந்தன. ஆனால் ஒரு படத்திலும் சன்னல் கண்ணில் படவில்லை, கிரைண்டர் இல்லை, கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்க ஓர் இடம் இல்லை. நான் போய்ப் பார்த்த வீடுகளிலும் பெரும்பாலும் இவையே விடுபட்டிருந்தன என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், திறந்த சமையலறையை நான் குறை கூற வரவில்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நான் பிறந்த வீட்டில் அடுப்படி என்பது முற்றத்தையும் இரண்டாங்கட்டையும் தாண்டி, கொல்லையை ஒட்டிய இருட்டறையாக இருந்தது. விறகு ஈரமாக இருக்கும் நாட்களில் என் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊதுகுழலோடு அமர்ந்திருப்பதும், கூடத்தில் விருந்தாளிகள் சிரித்துப் பேசும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்பதும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. சமைப்பவரை வீட்டின் கடைசி அறையில் தனிமைப்படுத்திய அந்த அமைப்பு மாறியதில் எனக்கு மகிழ்ச்சியே. வேலைக்குச் சென்று திரும்பும் தாய், குழந்தை வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே தோசை வார்க்க முடிகிறது என்றால் அது சிறிய நன்மை அன்று.

ஆனால் சுவரை எடுக்கும்போது, அந்தச் சுவர் செய்துவந்த வேலையை இனி எது செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் நாள்தோறும் எண்ணெய் காய்கிறது, கடுகு வெடிக்கிறது, காய்ந்த மிளகாய் கருகுகிறது, வாரம் ஓரிரு நாள் மீனோ கருவாடோ வறுபடுகிறது. குளிர்ந்த உணவையும் ஓவனில் வெந்த உணவையும் பெரிதும் உண்ணும் நாடுகளில் உருவான திறந்த அமைப்பை, தாளிப்பு இல்லாமல் ஒரு வேளையும் கழியாத வீட்டில் அப்படியே வைத்தால், ஆறே மாதத்தில் கூடத்து மின்விசிறியின் இறக்கைகளில் பிசுக்குப் படிகிறது. சோபா உறையிலும் திரைச்சீலையிலும் நேற்றைய குழம்பின் வாடை தங்குகிறது. நான் பார்த்த ஒரு வீட்டில் ஆஸ்துமா உள்ள முதியவர் ஒருவர், மருமகள் தாளிக்கும் நேரம் பார்த்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். மூன்று தகடுகளாக நகரும் ஒரு கண்ணாடிக் கதவு அங்கே இருந்திருந்தால், வேண்டும்போது திறந்தும் தாளிக்கும்போது மூடியும் வைத்துக்கொண்டிருக்கலாம். அதற்கான செலவு, அவ்வீட்டில் நடுமேசைக்குப் போட்ட கல்லின் விலையைவிடக் குறைவாகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

சிம்னி இருக்கிறதே என்பார்கள். சிம்னி நல்ல கருவிதான். ஆனால் அது உறிஞ்சி வெளியே தள்ளும் அளவுக்குச் சமமான புதுக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுக் கூடத்தில் குளிரூட்டியை ஓட விட்டால் எவ்வளவு திறன் வாய்ந்த சிம்னியும் இரைச்சல் போடுமே தவிரப் புகையை இழுக்காது. ஆறு அங்குலக் குழாயைச் சுவரில் இருக்கும் நான்கு அங்குலத் துளைக்குள் குறுக்கிப் பொருத்துவதையும், அழகுக்காக அதை மூன்று இடங்களில் வளைத்து மேல் அலமாரிக்குள் மறைத்துக் கொண்டுபோவதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறைகிறது, எண்ணெயும் தேங்குகிறது. வெளிக்குழாயே இல்லாமல், கரி வடிகட்டி வழியாகக் காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகையையும் சில அடுக்ககங்களில் பொருத்துகிறார்கள். அது வாடையை ஓரளவு குறைக்கும். வெப்பத்தையும் நீராவியையும் அறையிலேயே விட்டுவிடும்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உண்ணும் இடம் தனியாக உள்ள வீட்டில் சமையலறை 5 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 1.8 மீட்டர் அகலத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் ஓர் அறையின் திறப்பு, தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும், சமையலறையாயின் அதற்கும் மேல் 25 விழுக்காடு கூட்ட வேண்டும் என்றும் அதே தொகுப்பு வழிகாட்டுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் மிகச் சிறிய சமையலறைக்கே ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் சன்னல் வருகிறது. சென்னை போன்ற கடலோர நகரத்துக்கு இது மிகையான அளவு அன்று. நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், அந்தச் சன்னலை, பின்பக்கத்தில் துணியும் பாத்திரமும் கழுவ விடும் யுடிலிட்டி என்ற இடத்தை நோக்கித் திறக்குமாறு வைக்கிறார்கள். குடிவந்தவர் துணி துவைக்கும் இயந்திரம் மழையில் நனையக் கூடாது என்று யுடிலிட்டியைக் கண்ணாடி போட்டு அடைக்கிறார். அதன் பிறகு வரும் உள்ளலங்காரப் பணியாளர் இன்னும் இரண்டு அலமாரிக்கு இடம் வேண்டும் என்று மீதியிருந்த சன்னலையும் பாதி மூடிவிடுகிறார். மூவரும் தனித்தனியே தவறு ஏதும் செய்ததாக நினைப்பதில்லை. சமைப்பவருக்கோ காற்று நின்றுபோகிறது.

தயாராகச் செய்த அலமாரிகளை வரிசையாகப் பொருத்தி, மாடுலர் கிச்சன் என்று நாம் இன்று அழைக்கும் அமைப்பின் தொடக்கத்தை வகுப்பில் கற்பிக்கும்போதெல்லாம் நான் விரிவாகச் சொல்வதுண்டு. 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடும்பங்களுக்கான புதிய குடியிருப்புகளுக்காக, ஆஸ்திரியாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறைதான் அதற்கு முன்னோடி. 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட அந்தச் சிற்றறையை அவர் அழகிலிருந்து தொடங்கவில்லை. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எத்தனை முறை குனிகிறார், எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம் தேடுகிறார் என்பதிலிருந்து தொடங்கினார். ரயிலின் உணவுப் பெட்டியில் உள்ள குறுகிய சமையலறையையும் முன்மாதிரியாகக் கொண்டார். மாவும் சர்க்கரையும் வைக்க, சாய்த்துக் கொட்டும் மூக்குடைய சிறு இழுப்பறைகளை வரிசையாக அமைத்தார். காய் நறுக்கும் பலகை சன்னலின் கீழே வெளிச்சத்தில் இருந்தது. கூடத்துக்குச் செல்லும் வழியில் நகரும் கதவொன்று இருந்தது; அதைத் திறந்தால் தாய் குழந்தையைப் பார்க்கலாம், மூடினால் வாடை போகாது. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் அது அமைக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு முன் ஒரு பெண் அளந்து பார்த்துச் செய்ததை, இன்று நாம் அளவை விட்டுவிட்டு அலமாரியின் வடிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

அளவு என்றதும் முதலில் வருவது மேடையின் உயரம். கடைகள் காட்டும் மாதிரிப் படப் புத்தகத்தில் வரும் ஐரோப்பிய அலமாரிகள் மேடையோடு சேர்ந்து 36 அங்குலம் உயரும். ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணின் முழங்கை, நிற்கும் நிலையில், தரையிலிருந்து சுமார் 37 அல்லது 38 அங்குலத்தில் இருக்கும். நறுக்குவதற்கும் பிசைவதற்கும் மேடை அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே இருந்தால்தான் தோளை உயர்த்தாமல் வேலை செய்யலாம். அதாவது 32 முதல் 34 அங்குலம். இதைப் பலர் இப்போது அறிந்திருக்கிறார்கள். அறியாதது என்னவென்றால், அடுப்புக்கும் நறுக்கும் பலகைக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் ஒரே உயரம் ஒத்துவராது என்பது. கல்லில் பதிக்காமல் மேடைமேல் வைக்கும் அடுப்பு தானே நான்கைந்து அங்குலம் உயரம். அதன்மேல் ஐந்து லிட்டர் குக்கரோ இட்லிக் கொப்பரையோ ஏறினால், உள்ளே எட்டிப் பார்க்கக் குதிகாலை உயர்த்த வேண்டியிருக்கிறது. அவ்விடத்தில் மேடை 30 அங்குலம் இருந்தால் போதும். தொட்டியின் நிலை இதற்கு நேர்மாறு. கை வேலை செய்வது மேடை மட்டத்தில் அன்று, எட்டொன்பது அங்குலம் கீழே, தொட்டியின் அடியில். ஆகவே அதைச் சற்று உயர்த்தி வைத்தால் முதுகு வளையாது. என்னிடம் யோசனை கேட்கும் பெண்களிடம், செங்கல்லையும் பலகையையும் அடுக்கி மூன்று உயரத்திலும் தம் வீட்டுப் பாத்திரத்தையே வைத்து அரைமணி நேரம் வேலை செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒருமுறை ஒரு மாணவியின் கணவர் தாமே நின்று பார்த்து, அவ்வீட்டில் அதிகம் சமைப்பவர் தாம்தான் என்பதால் தம் உயரத்துக்கு மாற்றச் சொன்னார். அப்படித்தான் முடிவு செய்யப்பட வேண்டும்.

அடுத்து கிரைண்டர். ஈரமாவு அரைக்கும் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் எங்களுடையது. இங்கே கட்டப்படும் புது வீடுகளிலேயே அதற்கு இடம் ஒதுக்குவதில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேடை வெறுமையாகத் தெரிய வேண்டும் என்பது இன்றைய விருப்பம். அதனால் பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள மேசைக் கிரைண்டரைக் கீழ் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். வாரம் இருமுறை அதைக் குனிந்து தூக்கி மேடைமேல் ஏற்றி, மாவு வழித்துக் கழுவி, மறுபடி கீழே இறக்குவது அறுபது வயதுப் பெண்ணின் முதுகுத்தண்டுக்கு என்ன செய்யும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. யுடிலிட்டியை ஒட்டி இரண்டடி உயரத்தில் ஒரு கல்மேடை, அதன் பக்கத்தில் ஒரு குழாய், கீழே நீர் போக ஒரு துளை, பக்கச் சுவரில் ஒரு மின் இணைப்பு: இவ்வளவுதான் தேவை. கிரைண்டர் அங்கேயே நிரந்தரமாக இருக்கும். மாவுப் பாத்திரம் புளித்துப் பொங்கினாலும் வழிந்தது கழுவிய தண்ணீரோடு போய்விடும்.

தண்ணீரைப் பற்றி என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். நான் அமர்த்திய நிறுவனம் என்னிடம் ‘வாட்டர் புரூஃப் போர்டு’ என்றது. நான் அந்தச் சொல்லை நம்பி, பலகையின் ஓரத்தைக்கூட வெட்டிக் காட்டச் சொல்லாமல் கையொப்பமிட்டேன். இரண்டாம் மழைக்காலத்தில் தொட்டியின் கீழ் அலமாரி அப்பளம்போல் உப்பியது. கீல்கள் பலகையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தன. உள்ளே இருந்தது பிளைவுட் அன்று. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. மேலே ஒட்டிய லேமினேட் தண்ணீரைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் குழாய்க்குத் துளை போட்ட இடத்திலும், ஓரப் பட்டை ஒட்டாத அடிப்பகுதியிலும் ஈரம் நுழைந்துவிட்டால் அந்தப் பலகை மீண்டும் பழைய நிலைக்கு வராது. கேட்டபோது, தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவியது என் தவறு என்று பதில் வந்தது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாத சமையலறை நம்மூரில் எத்தனை வீட்டில் இருக்கிறது?

பிறகுதான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தரக் குறியீட்டிலேயே, ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்.ஆர். என்ற வகை பிளைவுட்டும், கொதிநீரையும் தாங்கும் வேறொரு வகையும் உண்டு. முன்னது உலர்ந்த இடத்து அறைக்கலன்களுக்கு ஏற்றது, தண்ணீர் படும் இடத்தில் பின்னதே தாங்கும். ஐ.எஸ். 710 என்பது கடல்தரப் பலகை; 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் பசை விடாமல் இருக்க வேண்டும் என்பது அதற்கான சோதனை. சமையலறை முழுவதற்கும் இது வேண்டியதில்லை. தொட்டியின் கீழும் அடுப்பின் பக்கத்திலும் இருந்தால் போதும். இன்னும் சிக்கனமான வழி நம் கொத்தனார்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். செங்கல்லால் பக்கச்சுவர் எழுப்பி, கடப்பாக் கல்லைத் தட்டுகளாகச் செருகி, முகப்புக்கு மட்டும் சட்டம் அடித்துக் கதவு போட்டால், பத்து ஆண்டுக்குப் பிறகு கதவை மட்டும் மாற்றினால் புதுச் சமையலறை ஆகிவிடும். என் தொட்டியின் கீழே இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். கரப்பான் பூச்சியும் வரவில்லை. பழைய முறை என்று இதைப் பல கடைகளில் ஒதுக்குகிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் இது இல்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

மேடைக் கல்லுக்கும் இதே கதைதான், ஆனால் அங்கே வேறொருவரின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. வெள்ளைக் குவார்ட்ஸ் பலகைகள் இப்போது பெரிதும் விரும்பப்படுகின்றன. அவை நொறுக்கிய கல்லைப் பிசினோடு சேர்த்து வார்த்தவை. சூடான வாணலியை நேராக வைத்தால் பிசின் நிறம் மாறும், மஞ்சள் கறையும் எளிதில் போகாது. இவை வாங்குபவரின் தொல்லை. அந்தப் பலகைகளில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கக்கூடும் என்பதால், அதை வெட்டிப் பளபளப்பாக்கும் தொழிலாளி சுவாசிக்கும் தூசு நுரையீரலைக் கல்லாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்நோய் இளம் தொழிலாளரிடையே பரவியதைக் கண்டுதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் நாளிலிருந்து இப்பலகைகளைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. நம் மாவட்டங்களில் கிடைக்கும் கிரானைட்டில் சிலிக்கா அதைவிட மிகக் குறைவு. சூட்டையும் கறையையும் அது தாங்கும். விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு போன்ற கற்கள் கடல் கடந்து போகின்றன. இங்கே நாம் செயற்கைப் பலகைக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறோம். கிரானைட்டை வெட்டினாலும் தூசு வருமே என்று கேட்டால், ஆம், வரும். தொட்டிக்குத் துளை வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்வதும், வெட்டுபவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பதும் வீட்டுக்காரர் செய்யக்கூடியவை. என் வீட்டில் வெட்டியவர் முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டியிருந்தார். நான் அன்று அதைக் கவனித்தும் பேசாமல் இருந்துவிட்டேன். இன்றும் அது என் மனத்தை உறுத்துகிறது.

எரிவாயு உருளையைப் பற்றியும் ஒரு சொல். அதை வெளியே தெரியாமல் கீழ் அலமாரிக்குள் அடைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உருளையில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே அந்தக் கதவின் அடியில் காற்றுத் துளைகள் கட்டாயம் வேண்டும். முடிந்தால் உருளையை வெளியே யுடிலிட்டியில் நிறுத்திக் குழாய் வழியாகக் கொண்டுவர வேண்டும். குழாய் இணைப்பில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அதற்கு மேலே திறப்பு தேவை. உருளையிலிருந்து குழாய் இணைப்புக்கு மாறுபவர்கள் இவ்வேறுபாட்டைப் பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வீடு வாங்குவோருக்குச் சட்டத்தின் துணை ஓரளவு உண்டு. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைப்பாட்டிலோ குறை தெரியவந்து சுட்டிக்காட்டினால், கட்டுநர் அதைத் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் ஒப்படைத்த பிறகு நாமே தனியாக ஆள் வைத்துச் செய்யும் அலமாரி வேலை கட்டுநரின் இந்தப் பொறுப்புக்குள் வராது. அந்த ஒப்பந்தத்தில் ‘பிரீமியம் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தால் பின்னாளில் எதையும் நிரூபிக்க முடியாது, பலகையின் ஐ.எஸ். எண், தடிமன், கீலின் தயாரிப்பு, கல்லின் பெயர், குழாயின் அளவு ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். நான் எழுதி வாங்கவில்லை. அதனால்தான் முழுத் தொகையையும் இழந்தேன்.

தங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. இனி சமையலறைப் படங்களை வெளியிடும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் அந்த அறையின் நீள அகலம், சன்னலின் அளவும் அது எதை நோக்கித் திறக்கிறது என்பதும், அடுப்பு மேடையின் உயரம், தொட்டியின் கீழே உள்ள பலகையின் வகை, கிரைண்டர் வைக்கும் இடம் ஆகிய ஐந்து விவரங்களை இரண்டு வரியில் அச்சிடுங்கள். விவரம் தர இயலாத நிறுவனத்தின் படத்தை விட்டுவிடுங்கள். மூன்று ஆண்டுகளாகச் சமைத்து வரும் ஒரு வீட்டின் சமையலறையையும், புதிதாக முடித்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. என் வீட்டுப் படத்தை, உப்பிய பலகையோடு எடுத்து வைத்திருக்கிறேன். தாங்கள் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
கோயம்புத்தூர்.